பாலம் திறந்த ஆண்டு

நூலகத்தின் மாடி அறையில் ஞாயிறுதோறும், இணையக் கலைக்களஞ்சியத்தைத் திருத்தக் கற்றுக்கொடுக்கிறேன். புதிதாக வருகிறவர்களுக்கு முதல் பாடம், ஞாபகம் சான்றாகாது என்பது. அதைச் சொல்லிச் சொல்லியே என் தொண்டை வறண்டுவிட்டது.

அன்று வந்த கண்டக்டர் அக்கா, ஆற்றுப்பாலத்தைப் பற்றி நான் எழுதிய கட்டுரையில் திறப்பு ஆண்டைத் தடாலென்று மாற்றினார்.

"ஆதாரம் எங்கக்கா?"

"பாலத்துல போன முதல் பஸ்ல டிக்கெட் கிழிச்சதே நான்தான், தம்பி."

"அதெல்லாம் செல்லாது. பத்திரிகைச் செய்தியையே கீழ காட்டியிருக்கேன், பாருங்க!" என்று எரிந்து விழுந்தேன். பழைய ஆண்டையே திரும்பப் போட்டேன்.

அவர் அந்தச் செய்தியை நிதானமாகப் படித்தார். பிறகு கட்டுரையில் யார், எப்போது, எதை எழுதினார்கள் என்று காட்டும் வரலாற்றுப் பக்கத்தையும் திறந்து பார்த்தார்.

"செய்தி போன வருஷம் வந்திருக்கு. நீங்க மூணு வருஷம் முன்னாடியே எழுதிட்டு, செய்தியை அப்புறமா சேர்த்திருக்கீங்க. ரெண்டும் வரிக்கு வரி ஒண்ணா இருக்கே? உங்களைப் பார்த்துத்தான் அவங்க எழுதியிருக்காங்க. அப்போ உங்களுக்கு யார் சொன்னா?"

யோசித்துப் பார்த்தேன்.

"எனக்கு ஞாபகம் இருந்துச்சு" என்றேன்.

அரைமணி நேரத்துக்கு முன் நான் சொல்லிக்கொடுத்த ‘சான்று தேவை’ என்ற குறியை, அவர் என் வரியின் பக்கத்தில் பதமாகப் போட்டார்.

"சேவ் பண்ணட்டுமா, தம்பி?"