முகம் இல்லாத படம்

சுகிர்தாவும் மெர்சியும் கும்மிடிப்பூண்டியில் ஒரே அறையில் வாடகைக்கு இருந்தார்கள். வேலையும் ஒரே கம்பெனியில்தான். காருக்குள் போகிற ஒயர்களைக் கட்டுகிற லைன். நாள் முழுக்க நின்றபடி செய்கிற வேலை. சோழவரத்தில் வண்டியிலிருந்து விழுந்து சுகிர்தாவுக்கு இடுப்பில் அடிபட்டது மெர்சிக்கு மட்டுந்தான் தெரியும். வேலை நிரந்தரம் ஆகிற வரைக்கும் அது வெளியே போகக் கூடாது. நிற்க முடியாதவளை எவன் வைத்துக்கொள்வான்?

மெர்சிக்குப் படம் போடுகிற கிறுக்கு. மூங்கில் குச்சியைச் சீவிக் கறுப்பு மையில் தோய்த்தாளென்றால், ஒரே இழுப்பில் ஆளை நிறுத்திவிடுவாள். கண், மூக்கு எதுவும் வைக்க மாட்டாள். ஷிப்ட் முடிந்து வந்ததும் சுகிர்தா சுவரில் கையை ஊன்றி, இடது காலைத் தரையில் பட்டும் படாமலும் வைத்து மூச்சு வாங்குவாள். அதைத்தான் மெர்சி திரும்பத் திரும்ப வரைவாள்.

"யார்கிட்டயும் காட்டிடாதடி."

"ஐய, நான் இன்னா லூசா? இது நமக்குள்ளதான்."

கம்பெனி ஆண்டு விழாவுக்கு, வேலை செய்கிறவர்கள் போட்ட படங்களை கேன்டீன் சுவரில் மாட்டியிருந்தார்கள். சாப்பாட்டுத் தட்டோடு வந்த சுகிர்தா, முதல் பரிசுப் படத்துக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டாள். நாலே கோடு. இடுப்பு இருக்கவேண்டிய இடத்தில் மை தெறித்துப் பிளந்திருந்தது. அந்த வலியை அவளுக்கே யாரிடமும் சொல்லத் தெரிந்ததில்லை. இந்தப் பாவி சொல்லிவிட்டாள்.

"ஏய், நம்ப சுகிர்தாடி! அதே மாதிரி நிக்குது பாரேன்" என்று லைன் பெண்கள் சிரித்தார்கள்.

சூப்பர்வைசர் பார்த்திபன் சிரிக்கவில்லை. படத்தைப் பார்த்தார். பிறகு அவள் காலைப் பார்த்தார்.

"இப்டி கொஞ்சம் நடந்து வாம்மா."

நடந்தாள். சாம்பார் தளும்பிக் கையில் வழிந்தது.

"நாளைக்கு லைனுக்கு வராத. டாக்டர் இன்னா சொல்றார்னு பாக்கலாம். பர்மனென்ட் பேச்செல்லாம் அப்புறம்."

சாயந்திரம் அறையில் மெர்சிதான் முதலில் வாயைத் திறந்தாள். "மூஞ்சியே போடலியேடி. யாருக்குத் தெரியப்போவுதுன்னு..."

"மூஞ்சப் போட்டிருந்தா தப்பிச்சிருப்பேன்டி. மூஞ்சிலதான் நான் தினம் சிரிச்சிகினு இருக்கேனே."

சுகிர்தா கொடியிலிருந்து நைட்டியை உருவினாள். இரண்டு வருஷமாக ஒரே அறையில் இருந்தும், இப்படி ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வந்ததில்லை.

"வெளிய போய் நில்லு. நான் துணி மாத்தணும்."