பதினோராவது பல்லுக்கு மேல் ஒரு புள்ளி

ஞாயிற்றுக்கிழமை காலை ஹேசல் பிரதர்ட்டன் தன்னிடமிருந்த பழைய பென்னிக் காசு ஒன்றின் படத்தை இணைய மன்றத்தில் போட்டாள். நான்கு நிமிடத்தில் முதல் பதில் வந்துவிட்டது. "நக்கிப் பாத்தியா?" என்று கேட்டிருந்தான் டெஸ்மண்ட்.

அவன் கேட்டதிலும் நியாயம் இருந்தது. ஹேசல் ரோதர்ஹாமில் இருபத்திரண்டு வருடமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். ஒரு பாடம் முடிந்து அடுத்த பாடம் தொடங்கும்வரை காரை ஓரங்கட்டிவிட்டு, ஒரு கையில் பேக்கன் சான்ட்விச்சும் இன்னொரு கையில் லென்சுமாகப் பழைய பென்னிகளைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இரண்டு வருடத்துக்கு முன் அப்படிப் பார்த்தபோது ஒரு காசில் புதுப் புள்ளி ஒன்று கண்ணில் பட்டது. உலகத்தில் யாருமே காணாத புள்ளி என்று மன்றம் முழுக்கத் தம்பட்டம் அடித்தாள். எல்லாரும் கூடி வியந்தார்கள். மறுநாள் நகம் பட்டதும் அந்தப் புள்ளி உதிர்ந்து மடியில் விழுந்தது. சான்ட்விச்சில் ஊற்றிய சாஸ். அதை மறைக்காமல் மன்றத்தில் சொன்னாளே, அதுதான் அவள் செய்த இரண்டாவது தப்பு. அன்று முதல் யார் எந்தப் புள்ளியைக் காட்டினாலும், நக்கிப் பார்த்தாயா என்பதுதான் முதல் கேள்வி.

மன்றத்தின் பெயர் 'வெண்கலப் பெட்டி'. பிரிட்டன் முழுக்க இரண்டாயிரம் பேர் அதில் இருந்தார்கள். நாடு பழைய பென்னியைக் கைகழுவி அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது. இவர்கள் மட்டும் விடவில்லை. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது என்பார்கள். இவர்கள் சும்மா கிடைத்த காசையும் பல் எண்ணாமல் விட மாட்டார்கள். பென்னியின் விளிம்பைச் சுற்றிப் பொடிப்பொடியாகப் பற்கள் உண்டு. வருடத்தின் எந்த இலக்கம் எந்தப் பல்லைப் பார்த்து நிற்கிறது, பல்லையா, பல் இடுக்கையா என்பதை வைத்து இது இன்ன அச்சில் அடித்தது என்று சொல்லிவிடுவார்கள். சம்சாரத்தின் பிறந்தநாள் மறந்துபோகும். பல் கணக்கு மறக்காது.

ஹேசல் இந்த முறை காட்டியது 1920-ஆம் வருடத்துப் பென்னி. ஒன்பதுக்கு நேர் கீழே இருக்கும் பல்லிலிருந்து எண்ணினால் பதினோராவது பல். அதற்குச் சற்று மேலே, கடைசிச் சுழியத்தின் காலடியில், கடுகைப் பத்தாக உடைத்தால் வரும் அளவில் ஒரு புள்ளி. நகத்தால் சுரண்டிப் பார்த்தாகிவிட்டது. வெந்நீரிலும் போட்டு எடுத்தாகிவிட்டது. புள்ளி அசையவில்லை.

ஆனால் அசைய வேண்டியவர் லெனார்ட் கிராப்ட்ரீ. குரோமர் கடற்கரையில் வசிக்கும், ஓய்வுபெற்ற நில அளவையாளர். பென்னி வகைகளின் பட்டியல் அவர் கையில்தான் இருந்தது. ஒவ்வொரு வகைக்கும் ஓர் எண், பக்கத்தில் கண்டுபிடித்தவர் பெயர். பட்டியலில் ஏறினால்தான் அது வகை. ஏறாதது வெறும் அழுக்கு. புதிய பதிப்பு அந்த வாரம் அச்சுக்குப் போக இருந்தது. போன பதிப்பு வந்து பதிமூன்று வருடம் ஆகியிருந்தது. அடுத்தது எப்போது என்று லெனார்டுக்கே தெரியாது.

மத்தியானம் லெனார்ட் எழுதினார். "பள்ளம் மாதிரி தெரியுது. ஏதோ குத்துப்பட்ட சேதம். அச்சுல இருந்த குறைன்னா அந்த அச்சு அடிச்ச எல்லாக் காசுலயும் இருக்கணும். ரெண்டாவது காசு ஒண்ணு கொண்டா, ஏத்துக்கறேன். சனிக்கிழமை பன்னெண்டு மணிக்குப் பட்டியலை மூடிருவேன்."

ஹேசலுக்கு மூக்கின் மேல் கோபம் வந்தது. அது பள்ளமில்லை, மேடு. குத்துப்பட்டால் காசில் பள்ளம்தான் விழும்; மேடு என்றால் அது அச்சிலிருந்தே வந்தது. ஆனால் படத்தில் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுந்தது என்று தெரியாவிட்டால் மேடும் பள்ளமாகத் தெரியும். காசுக்காரர்களுக்கு இது பழைய தலைவலி. விரல் தடவி உணரும் அளவுக்குப் பெரிய புள்ளியும் இல்லை. அவளுக்கு வேண்டியது பணமில்லை. பட்டியலில் ஒரு வரி. பிரதர்ட்டன் என்ற பெயருக்கு முன்னால் ஓர் எண் இருக்க வேண்டும். அதைப் பார்த்து இரண்டாயிரம் பேரும் சாஸை மறக்க வேண்டும். இதை வெளியே சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது, ஆசை மட்டும் குறையவில்லை.

மன்றத்துக்காரர்கள் கேலி செய்வார்களே தவிர, கைவிடுகிற ரகமில்லை. திங்கட்கிழமையே ஆளாளுக்குத் தகர டப்பாக்களைக் கவிழ்த்தார்கள். விட்பியில் மீன் வறுவல் கடை வைத்திருக்கும் டெஸ்மண்ட், கடை திறக்குமுன் முன்னூற்றுப் பன்னிரண்டு காசு பார்த்ததாக எழுதினான். கையில் எண்ணெய் இல்லை என்று சத்தியமும் செய்தான். டண்டீயிலிருந்து ஒருத்தர் தொண்ணூறு பார்த்தார். கார்ன்வாலில் ஒரு பாதிரியார் இறுதிச் சடங்குக்குக் கிளம்பும் அவசரத்திலும் நாற்பது பார்த்துவிட்டுப் போனார். செவ்வாய் முடிவதற்குள் இரண்டாயிரத்துச் சொச்சம் காசைப் பல் எண்ணியிருந்தார்கள். ஒன்றிலும் இல்லை.

புதன்கிழமை ஒரு மாணவி ஓட்டுநர் தேர்வுக்குப் போயிருந்தாள். ஹேசல் காத்திருப்பு அறையில் உட்கார்ந்து மன்றத்தின் பழைய பேச்சுகளைத் தோண்டினாள். அங்கே ஒரு சாபக்கேடு உண்டு. முன்பெல்லாம் எல்லாரும் வேறொரு தளத்தில் படத்தை ஏற்றி இங்கே இணைப்புக் கொடுப்பார்கள். அந்தத் தளம் கடையைக் கட்டிவிட்டுப் போனதில் பழைய படங்கள் அத்தனையும் போய்விட்டன. இப்போது படம் இருந்த இடத்திலெல்லாம் சாம்பல் நிறக் கட்டம்தான். 'இதோ பாருங்கள், எவ்வளவு அழகு' என்று எழுதியிருக்கும். கீழே சாம்பல் கட்டம் இருக்கும். அதற்கும் கீழே பதினான்கு பேர் ஆகா ஓகோ என்றிருப்பார்கள்.

அப்படி ஒரு கட்டத்துக்குக் கீழே, பன்னிரண்டு வருடத்துக்கு முன், 'மூன்று சர்க்கரை' என்ற புனைபெயரில் ஒருவர் எழுதியிருந்தார். 1920 பென்னி. சுழியத்துக்குக் கீழே ஒரு புள்ளி. ஒன்பதிலிருந்து பதினோராவது பல்லுக்கு மேலே. அழுக்கு என்று நினைத்தேன், போக மாட்டேன் என்கிறது, யாராவது பார்த்திருக்கிறீர்களா? பதில் ஒன்றே ஒன்று. அது லெனார்ட் எழுதியது: "சேதம். கழிசல் டப்பால போட்டுருங்க." அதற்குப் பிறகு மூன்று சர்க்கரை மன்றத்தில் வாயே திறக்கவில்லை.

ஹேசல் அதை மூன்று முறை படித்தாள். பதினோராவது பல் என்பதைத் தொட்டுத் தொட்டுப் படித்தாள். மாணவி தேறிவிட்டதாகக் குதித்துக்கொண்டு வெளியே வந்தபோது அவளைவிட ஹேசல்தான் அதிகம் துள்ளினாள். அந்தப் பெண் அதைத் தன் மேல் வைத்த பாசம் என்று எடுத்துக்கொண்டது.

ஹேசல் எடுத்துக் காட்டிய பழைய பேச்சை லெனார்ட் படித்தார், மறுக்கவும் இல்லை. ஆனால் சொல்லை வைத்து எண் கொடுக்க முடியாது, காசு வேண்டும் என்றார். அதுவும் நியாயம்தான், நியாயம் என்பதாலேயே ஹேசலுக்கு இன்னும் எரிச்சல். இனி மூன்று சர்க்கரையைத் தேட வேண்டும். அவருடைய பெயர், ஊர் எதுவும் யாருக்கும் தெரியவில்லை. வியாழக்கிழமை காலை டெஸ்மண்டுக்கு ஒரு நினைவு தட்டியது. அதே மூன்று சர்க்கரையோடு ஒரு தடவை தபாலில் காசு மாற்றிக்கொண்டிருக்கிறான். காசு சேர்க்கிறவன் காசை இழந்தாலும் இழப்பான், அது வந்த உறையைத் தூக்கிப் போட மாட்டான். மேல்மாடியில் நான்கு பெட்டியைப் புரட்டி, தும்மித் தீர்த்து, உறையைப் படமெடுத்துப் போட்டான். பின்பக்கத்தில் விலாசம் இருந்தது: ஜி. புரோசர், அபெர்டேர், வேல்ஸ்.

அந்த விலாசத்தில் தொலைபேசி எண் எதுவும் அகப்படவில்லை. கடிதம் போட்டால் சனிக்கிழமைக்குள் பதில் வராது. வெள்ளிக்கிழமைப் பாடங்கள் நான்கையும் ஹேசல் ரத்து செய்தாள். ஒரு மாணவனின் தாயார் போனில் வறுத்தெடுத்தாள், அதையும் கேட்டுக்கொண்டாள். விடிந்ததும் கிளம்பினாள். கார்க் கூரையிலிருந்து 'கற்பவர்' என்ற பலகையைக் கழற்ற மறந்துவிட்டதால் நெடுஞ்சாலையில் பெரிய பெரிய லாரிகளெல்லாம் அவளைக் கண்டு மரியாதையாக ஒதுங்கின. நாலரை மணி நேரம் ராணி மாதிரி போனாள். அந்த ஆள் வீடு மாறியிருந்தால்? காசை உண்மையிலேயே கழிசலில் போட்டிருந்தால்? பத்து மைலுக்கு ஒரு தடவை இந்தக் கேள்வி வந்தது. வரும்போதெல்லாம் வானொலியைச் சத்தமாக வைத்தாள்.

கதவைத் திறந்தவருக்கு எழுபது வயதிருக்கும். பெயர் குவிலிம் புரோசர், வீடு வீடாகப் போய்ப் பியானோவுக்குச் சுருதி சேர்க்கிறவர். கூரைப் பலகையைப் பார்த்துவிட்டு, "நான் கார் கத்துக்கறதா இல்லம்மா," என்றார்.

ஹேசல் பேச்சை வளர்க்கவில்லை. பென்னியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து, "பதினோராவது பல்லு," என்றாள்.

அவர் காசைப் பார்க்கவேயில்லை. அவளைத்தான் பார்த்தார். பிறகு மெதுவாகச் சிரித்து, உள்ளே வரச் சொல்லி, தேநீர் போட்டார். தன் கோப்பையில் சர்க்கரை மூன்று கரண்டி. சரியான ஆளிடம்தான் வந்திருக்கிறோம் என்று ஹேசலுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"ஏன் அப்புறம் நீங்க எழுதவேயில்ல?" என்று கேட்டாள்.

"எழுதி என்னம்மா ஆகப்போவுது? ரெண்டாயிரம் பேரு கேக்கற மனுசன் சேதம்னு சொல்லிட்டாரு. நான் யாரு, பியானோ முடுக்கறவன். ஆனா ஒண்ணு. கம்பி கொஞ்சம் இறங்கியிருந்தாக்கூட எனக்குக் காதுல உறுத்தும். யாரு வந்து சரியா இருக்குன்னாலும் ஒத்துக்க மாட்டேன். இதுவும் அப்படித்தான்."

முன்னறையில் மர அலமாரி ஒன்றிருந்தது, தட்டுத் தட்டாக வெளியே இழுக்கும் அலமாரி. தட்டில் வட்டக் குழிகள். குழிக்கு ஒரு காசு. காசுக்கு அடியில் வட்டமாக வெட்டிய சீட்டு, அதில் வாங்கிய நாளும் இடமும். ஐந்தாவது தட்டை இழுத்தார். ஒரு பென்னியை விளிம்பைப் பிடித்து எடுத்து மேசையில் வைத்தார். அடியில் இருந்த சீட்டை ஹேசல் படித்தாள். பொடி எழுத்தில் இப்படி இருந்தது: 'சேதம் என்கிறார் லெனார்ட். இல்லை என்கிறேன் நான்.'

ஹேசலுக்கு ஏனோ கண் கலங்கிவிட்டது. பன்னிரண்டு வருடம் ஒரு மனிதர் யாரிடமும் வாதாடாமல் இந்த மரத்தட்டுக்குள் வாதாடிக்கொண்டிருந்திருக்கிறார்.

இரண்டு காசையும் ஜன்னலோரம் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். அவள் ஒன்றில் எண்ணினாள். அவர் மற்றதில் எண்ணினார். இருவரும் ஒரே நேரத்தில் பதினொன்று என்றார்கள். புரோசரின் காசு அவ்வளவாகத் தேயாதது. அதில் புள்ளி கொழுக்கட்டை மாதிரி எழும்பி நின்றது. ஹேசல் படம் எடுத்தாள். பிறகு இரண்டு காசையும் அப்படியே அரை வட்டம் திருப்பி வைத்து இன்னொரு படம் எடுத்தாள். ஜன்னல் எங்கே இருக்கிறது என்று தெரியும்படி அதன் ஓரத்தையும் சேர்த்துக்கொண்டாள். இரண்டு படத்திலும் புள்ளிகளின் நிழல் ஜன்னலுக்கு மறுபக்கமே விழுந்தது. பள்ளமாக இருந்தால் நிழல் ஜன்னல் பக்கம் ஒதுங்கியிருக்கும். மேடு, சந்தேகமே இல்லாத மேடு.

சீட்டையும் சேர்த்துப் போடலாமா என்று தயங்கினாள். "அதையும் போடும்மா," என்றார் புரோசர். "அது இல்லாம என்ன காசு?"

பதினொன்றரைக்குப் படங்கள் மன்றத்தில் ஏறின. பத்து நிமிடத்துக்குள் நூற்றைம்பது பேர் எட்டிப் பார்த்தார்கள், யாரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. எல்லாரும் குரோமரில் இருக்கும் லெனார்டின் பதிலுக்குக் காத்திருந்தார்கள். எதைக் கண்டாலும் நக்கிப் பார்த்தாயா என்பவன்கூட மூச்சு விடவில்லை. ஹேசல் புரோசரின் மனைவி சுட்டு வைத்திருந்த திராட்சை அப்பங்களை ஒன்றன்பின் ஒன்றாக விழுங்கினாள். ருசி தெரியவில்லை. நாற்பது நிமிடம் ஆயிற்று.

பிறகு லெனார்ட் எழுதினார்.

"பெரிய திரையில போட்டு நாலு தடவை எண்ணிப் பாத்துட்டேன். ரெண்டுலயும் மேடு, ரெண்டும் ஒரே இடம். ஒரே அச்சுதான். பன்னெண்டு வருசம் முன்னாடி மிஸ்டர் புரோசர்கிட்ட தப்பு சொன்னேன். ஞாயித்துக்கிழமை ஹேசல்கிட்டயும் அதே தப்பைச் சொன்னேன். இருநூத்தி நாப்பத்தேழாம் நம்பர் குடுத்திருக்கேன். அந்தச் சீட்டுப் படத்தையும் பக்கத்துலயே அச்சடிக்கப் போறேன், எனக்கு ஞாபகம் இருக்கணும்ல. யார் பேரை முதல்ல போட?"

அதன் பிறகு மன்றம் வெடித்தது. டெஸ்மண்ட் கடையில் வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு மீன் துண்டு இலவசம் என்று எழுதினான். பாதிரியார் கோயில் மணியை அடித்துவிட்டதாக எழுதினார். அது உண்மையா என்று யாரும் விசாரிக்கவில்லை. ஹேசல் நாற்காலியிலிருந்து எழுந்து, முன்பின் தெரியாத வீட்டின் முன்னறையில் இரண்டு கையையும் தூக்கிக் கத்தினாள். பியானோவுக்குள் கம்பிகள் அதிர்ந்து அடங்கின. அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு வந்து எத்தனையோ வருடமாகிவிட்டது.

பெயர் விஷயத்தில் இருவரும் நல்லபடியாகச் சண்டை போட்டார்கள். நீ வந்திராவிட்டால் இது தட்டிலேயே கிடந்திருக்கும் என்றார் அவர். நீங்கள் கழிசலில் போட்டிருந்தால் நான் வந்தும் பயனில்லை என்றாள் இவள். கடைசியில் ஜெயித்தது ஹேசல்தான். இருபத்திரண்டு வருடமாக அடுத்தவருக்கு வழிவிடச் சொல்லிக்கொடுப்பவளோடு யார் வாதாடி ஜெயிப்பது? '247. புள்ளி வகை, 1920. கண்டவர்கள்: புரோசர், பிரதர்ட்டன்' என்று தட்டச்சு செய்து குரோமருக்கு அனுப்பினாள். தன் பெயரைத் தானே ஒரு தடவை வாய்விட்டுப் படித்துக்கொண்டாள்.

புரோசர் காசைத் தட்டில் திருப்பி வைக்கப் போனவர், நின்று, மேசையிலிருந்து பேனாவை எடுத்தார். பழைய சீட்டைக் கிழிக்கவில்லை. பன்னிரண்டு வருடத்து எழுத்துக்குக் கீழே அன்றைய தேதியைப் போட்டு, இரண்டே சொல் எழுதினார்.

'இப்போது லெனார்டும்.'