இரண்டு டப்பா சாம்பல்

நிலவன் கொண்டுவந்திருந்த துடைப்பத்தைக் கையில் வாங்கிக்கொண்டு ஏவ்லின் டீச்சர் விழித்தாள். தேய்ந்து தேய்ந்து ஒரு சாண் அளவுக்கு வந்துவிட்ட தென்னந்துடைப்பம். அவள் கேட்டது குருத்தோலை. போன வருஷம் குருத்தோலை ஞாயிறன்று கோயிலில் மந்திரித்துக் கொடுத்தது, சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தது, இப்போது காய்ந்து சுருண்டு கிடப்பது. அதை எரித்த சாம்பலைத்தான் நாளைக்குத் திருநீற்றுப் புதன் பூசையில் எல்லார் நெற்றியிலும் சிலுவையாகப் பூசுவார்கள். வழக்கமாகக் கோயில் எடுபிடி வேலை பார்க்கும் கோயில்பிள்ளை எரிப்பதை இந்த வருஷம் ஏழாம் வகுப்பு எரிக்கட்டும் என்று பங்குச் சாமியாரிடம் கெஞ்சிக் கேட்டு வாங்கியிருந்தாள். பாடமும் தோதாக அமைந்தது. வேதியியல் மாற்றம்.

எல்லாம் சரி, பிள்ளைகளிடம் சொன்ன விதம்தான் சரியில்லை. 'வீட்டுல இருக்கிற பழைய ஓலை கொண்டாங்க' என்று பொதுவாகச் சொல்லிவிட்டாள். வகுப்பில் கோயிலுக்குப் போகிற பிள்ளைகள் பத்துப் பேர் தேறினால் அதிகம். மற்றவர்களும் டீச்சர் பேச்சைத் தட்டாத பிள்ளைகளாயிற்றே. கல்யாணப் பந்தலில் அவிழ்த்த தோரணம், கூரையிலிருந்து உருவிய கீற்று, யார் வீட்டுப் பாயிலிருந்தோ பிய்ந்த ஓரம் என்று ஆளுக்கொன்றைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். லூக்கா மட்டும் தன் குருத்தோலைச் சிலுவையைச் செய்தித்தாளில் மடித்துக் கொண்டுவந்து, துடைப்பத்தை ஏற இறங்கப் பார்த்தான்.

பூவரச மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் தலைமையாசிரியை சிஸ்டர் மரி-லோர். ஏவ்லின் பாடம் நடத்துவதை அவர் பார்வையிடுவது இது மூன்றாம் தடவை. இதுவும் சொதப்பினால் ஜூனில் ஏவ்லினுக்கு வேலை நிரந்தரமாகாது. வேறு பள்ளிக்கூடம் தேட வேண்டியதுதான். சிஸ்டர் போட்ட சட்டம் ஒன்றுதான்: எந்தப் பாடமானாலும் அதில் விசுவாசம் கலந்திருக்க வேண்டும். முதல் தடவை அமிலமும் காரமும் நடத்தியபோது, அமிலத்தைக் காரம் சமன் செய்வதுபோல நம் பாவத்தை ஏசு சமன் செய்கிறார் என்றாள். "அப்ப ஏசு காரமா?" என்று சிஸ்டர் எல்லா டீச்சர்களுக்கும் முன்னால் கேட்டார். இரண்டாம் தடவை காந்தம். கடவுள் நம்மைக் காந்தம்போல் இழுக்கிறார் என்றதற்கு, வடக்கும் வடக்கும் சேர்ந்தால் தள்ளிவிடுவாரோ என்றார்.

இத்தனைக்கும் ஏவ்லினுக்கு விசுவாசத்தில் குறைவே கிடையாது. சாரம் பகுதியிலிருந்து ஸ்கூட்டரில் கிளம்பி, காலைப் பூசை பார்க்காமல் ஒருநாளும் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. அம்மாவின் ஆபரேஷன் அன்று ஆஸ்பத்திரி நடையில் ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு நின்றவள். ஆனால் கரும்பலகைக்கு முன்னால் வாயைத் திறந்தால் அதெல்லாம் எங்கேயோ போய் ஒளிந்துகொள்ளும். பாடத்தின் மேல் பசை தடவி ஒட்டியதுபோல் ஒரு வாக்கியம்தான் வெளியே வரும். அது அவளுக்கே கூச்சமாக இருந்தது.

ஓலைக் குவியலைப் பார்த்துவிட்டு, மந்திரித்தது தனி, மற்றது தனி என்று சிஸ்டர் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிட்டார். நல்லவேளையாகப் பேக்கரியில் வாங்கிய பெரிய தகர டப்பாக்கள் இரண்டு இருந்தன. ஒன்றில் 'கோயில்', மற்றதில் 'மற்றவை' என்று அழகாக எழுதி ஒட்டினாள். பிள்ளைகள் வரிசையாக வந்து போட்டார்கள். கடைசியாகக் குருசுக்குப்பத்துக் கார்குழலி வந்தாள். அவள் கையில் விளிம்பு பிய்ந்த ஒரு பனையோலை விசிறி இருந்தது.

"அம்மா தரவே மாட்டேன்னுச்சி மிஸ். புயலப்ப கரண்டு இல்லாதப்ப தம்பிப் பாப்பாவ இத வச்சிதான் விசிறினாங்களாம். கோயில்ல பூசுறதுக்குன்னு சொன்னப்புறம்தான் குடுத்துச்சி."

ஏவ்லின் சிஸ்டரைப் பார்த்தாள். பிறகு விசிறியை வாங்கி 'மற்றவை'யில் வைத்தாள். கார்குழலி அந்த எழுத்தை ஒருமுறை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுப் போய் வரிசையின் கடைசியில் உட்கார்ந்தாள். ஏவ்லினுக்கு மனசு கேட்கவில்லை.

தீ வைத்ததும் பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். காய்ந்த ஓலை சடசடவென்று பிடித்துக்கொண்டது. கடல்காற்று புகையை நேராக சிஸ்டர் முகத்துக்குக் கொண்டுபோக, வாட்ச்மேன் அன்பழகன் ஓடிவந்து கம்பியால் டப்பாக்களைத் தள்ளித் தள்ளி மதிலோரம் சேர்த்தார். ஏவ்லின் பாடத்தில் இறங்கிவிட்டாள். காகிதத்தைக் கிழித்தால் காகிதம்தான், எரித்தால் அது வேறு பொருள், பழையபடி ஆக்க முடியாது என்று கையை வீசி வீசிச் சொன்னாள். தீ அடங்கிய பிறகு நிலவன்தான் கை தூக்கினான்.

"மிஸ், எழுதி ஒட்டுனதும் எரிஞ்சிபோச்சி."

டப்பாக்களில் காகிதம் இருந்த இடத்தில் கருப்புத்தான் இருந்தது. நெருப்பு வைக்கப்போகிற டப்பாவில் காகிதம் ஒட்டிய அறிவியல் டீச்சரைப் பார்த்து வகுப்பே உருண்டு உருண்டு சிரித்தது. எது எங்கே இருந்தது என்று அன்பழகனைக் கேட்டால், புகையில் கண்ணே தெரியவில்லை என்றார்.

இடப்பக்கம் இருப்பதுதான் கோயில் டப்பா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், சிஸ்டருக்குத் தெரிந்திருக்காது. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அத்தனை பிள்ளைகளும் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவளால் சொல்ல முடியவில்லை. நீங்களே கண்டுபிடியுங்கள் என்று விட்டுவிட்டாள். பிள்ளைகள் இரண்டு சாம்பலையும் விரலில் தேய்த்துப் பார்த்தார்கள். தண்ணீரில் கரைத்து சிவப்பு லிட்மஸ் தாளை நனைத்தார்கள். இரண்டிலும் நீலமானது. மந்திரித்த ஓலைக்குத் தனி வாசனை இருக்கும் என்று லூக்கா டப்பாவுக்குள் மூக்கை விட்டுத் தும்மினான்.

சிஸ்டர் எழுந்து வந்தார். "எது கோயிலுக்கு?"

"தெரியல சிஸ்டர்," என்றாள் ஏவ்லின். "ஓலையா இருந்தப்ப பிரிச்சோம். இப்ப யாராலயும் பிரிக்க முடியாது."

கடைசி வரிசையிலிருந்து கார்குழலி கேட்டாள். "சாமிக்குத் தெரியுமா மிஸ்?"

ஏவ்லின் யோசிக்கவே இல்லை. "தெரியும். எத யாரு குடுத்தாங்க, எதுக்குக் குடுத்தாங்க, எல்லாம் அவருக்குத் தெரியும். ஆனா பிரிச்சி வைக்க மாட்டாரு."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது காதில் விழுந்தது. இதை அவள் எழுதி வைத்துக்கொண்டு வரவில்லை. கார்குழலியின் முகம் மலர்ந்ததைப் பார்த்ததும் ஏவ்லினுக்கு, நிரந்தரமாவது ஒன்றாவது, இந்த ஒரு நிமிஷம் போதும் என்றிருந்தது.

சிஸ்டர் இரண்டு டப்பாக்களையும் மாறி மாறிப் பார்த்தார். "அந்தத் துடைப்பம் எதுல இருக்கு?"

நிலவன் எழுந்து நின்றான். "ரெண்டுல ஒண்ணுல சிஸ்டர்."

சிஸ்டர் மரி-லோருக்குச் சிரிக்கத் தெரியும் என்று அன்றைக்குத்தான் பள்ளிக்கூடத்துக்குத் தெரிந்தது. தோள் குலுங்க, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு அங்கியின் கையை மடக்கிவிட்டு, சல்லடையைக் கேட்டு வாங்கி, இரண்டு டப்பாக்களையும் ஒன்றன் பின் ஒன்றாக அதில் கவிழ்த்தார். "வோலா, முடிஞ்சிது. சாமியார் நாளைக்குத்தான மந்திரிக்கப் போறாரு," என்றார். வகுப்பைப் பற்றி நல்லது கெட்டது ஒன்றும் சொல்லாமல் ஆபீஸ் அறைக்குப் போய்விட்டார்.

மறுநாள் பள்ளிக்கூட ஹாலில் பூசை. எப்போதும்போல விருப்பப்பட்ட பிள்ளைகள் எல்லாரும் வரிசையில் நின்றார்கள். சாமியார் கட்டைவிரலால் சாம்பலைத் தொட்டு முதலில் சிஸ்டரின் நெற்றியில் பட்டையாகச் சிலுவை போட்டார். ஏவ்லினுக்கு முன்னால் நின்ற கார்குழலி, வீட்டில் பூசிக்கொண்டு வந்த திருநீற்றுக்குக் கீழே புதுச் சிலுவைக்கு இடம் விட்டிருந்தாள். அவள் திரும்பி, கிசுகிசுத்தாள்.

"மிஸ், சிஸ்டர் நெத்தியில எங்கம்மா விசிறி."

நாற்பது நாள் நோன்பிருக்கும் தபசுகாலத்தின் முதல் நாள். சிரிக்கக் கூடாது. ஏவ்லின் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எதிர் வரிசையில் சிஸ்டரும் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். மேலே மின்விசிறி சுழன்றது. அவர் நெற்றியிலிருந்து ஒரு பொட்டுச் சாம்பல் உதிர்ந்து மூக்கு நுனியில் வந்து உட்கார்ந்தது. சிஸ்டர் அதைத் துடைக்கவில்லை.