ஏழு நாளுக்குள் பெற்றுக்கொள்ளவும்

1

பாதியில் கிடந்த இந்தக் கதையை முடிக்க வைத்தது ஒரு "சரிங்க". நன்றி என்று சொல்லியிருக்க வேண்டிய இடம். பின்னால் நான்கு பேர் வரிசையில் நிற்க, வாய் தானாக "சரிங்க" என்றது. பார்சலை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டேன். எழுதிப் பிழைக்கிறவன் நான். (மிக்ஸியோடும் சலவை இயந்திரத்தோடும் வருமே 'உபயோகிக்கும் முறை', அதை எழுதுகிறவன். சிரிக்க வேண்டாம், இதுவரை நீங்கள் அதைப் பிரித்துக்கூடப் பார்த்திருக்க மாட்டீர்கள்.) ஒரே ஒரு சொல்லைச் சரியான இடத்தில் வைக்கத் தெரியவில்லை. அதற்குப் பரிகாரமாகத்தான் இத்தனை சொற்கள்.

2

முதல் தொடக்கம்: "அன்று அடைமழை. கடையின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு அவன்—"

மழையெல்லாம் இல்லை. கதை ஆரம்பித்தாலே எனக்கு மழை வந்துவிடுகிறது, கெட்ட பழக்கம்.

இரண்டாம் தொடக்கம்: "கடையின் கோடியில், துடைப்பங்களையும் வாளிகளையும் தாண்டி ஒரு கவுண்டர். அதன் பின்னால் ஒரு சோம்பேறிப் பெண்மணி—"

இந்த வாக்கியத்தை அடித்துவிடலாம். அடிக்க மாட்டேன். நான் எப்படிப்பட்ட ஆள் என்று உங்களுக்கும் தெரியட்டும்.

ஆன்லைனில் பொருள் வாங்கினால் கடைசியில் இரண்டு பொத்தான் வரும். 'வீட்டுக்கு அனுப்பவும்', 'கடையில் பெற்றுக்கொள்கிறேன்'. நான் எப்போதும் இரண்டாவதுதான். கடைக்குப் பொருள் வந்ததும் போனில் ஆறு இலக்க எண் வரும். அதை இந்தக் கவுண்டரில் சொன்னால் பார்சல் கைக்கு வரும். ஏழு நாள் வைத்திருப்பார்கள். அதற்குள் போகாவிட்டால் வந்த வழியே கிடங்குக்குத் திரும்பிவிடும். கடையின் பிரிண்டர் கெட்டுப்போய் ஒரு யுகம் ஆகிறது. அதனால் ஒவ்வொரு பெட்டியிலும் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி, தேதியையும் '7 நாள்' என்பதையும் அந்தப் பெண்மணி கையாலேயே எழுதுவார். ஏழுக்குக் குறுக்கே ஒரு சின்னக் கோடு போடுவார். என்னைவிட வயதில் சிறியவராகத்தான் இருப்பார், ஆனாலும் நான் வைத்த பெயர் ஸ்டிக்கர் அக்கா.

அக்கா நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவே மாட்டார். சக்கரம் வைத்த நாற்காலி. அலமாரியைக் கையால் ஒரு தள்ளு தள்ளினால் சர்ரென்று கவுண்டருக்கு வந்துவிடுவார். எழுந்து எடுத்துக் கொடுத்தால் சொத்து குறைந்துவிடுமா என்று மனசுக்குள் முணுமுணுத்திருக்கிறேன். முணுமுணுத்ததும் கதையில் இருக்கட்டும்.

3

கடையில் போய் வாங்குவது ஏன்? நண்பர்களிடம் நடைப்பயிற்சி என்று சொல்லி வைத்திருக்கிறேன். பொய்.

வீட்டில் நானும் தங்கையும் மட்டும். பகலில் எனக்கு அலுவலகம். பார்சல் வீட்டுக்கு வந்தால் அழைப்புமணி அடிக்கும், தங்கை கதவைத் திறக்க வேண்டும். அவள் திறக்க மாட்டாள்.

தங்கை டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுப்பவள். பன்னிரண்டு வருடம். கற்றுக்கொடுப்பவர் பக்கத்திலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. "என் பக்கமும் பிரேக் இருக்கு, பயப்படாதீங்க" என்று எல்லோரிடமும் சொல்வாள். மூன்று வருடத்துக்கு முன், காருக்கு வெளியே நின்று சக்கரத்தைக் காட்டிக்கொண்டிருந்த ஒரு நாள், மாணவர் ஒருவர் பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை மிதித்தார். இடது பாதத்தில் இரண்டு விரல் போயிற்று, பாதமும் குறுகிவிட்டது. இப்போது இடது கால் ஐந்தாம் அளவு, வலது கால் பழையபடி ஏழு.

[இந்த இடத்தில் அவள் அழுததாக எழுதினேன். அவள் அழவில்லை. வண்டிச் சாவியை ஃபிரிட்ஜின் மேல் வைத்தாள். பிறகு தொடவில்லை.]

ஐந்தில் ஒரு ஜோடி, ஏழில் ஒரு ஜோடி என்று ஷூ வாங்குவேன். பொருந்தும் இரண்டை அவளுக்குக் கொடுத்துவிட்டு, மிச்சம் இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவேன். நான்கு பெட்டி சேர்ந்துவிட்டது. அவளோ எந்த ஷூவையும் வீட்டுக்குள் பத்தடி நடந்து பார்த்துவிட்டுக் கழற்றிவிடுவாள்.

"எதுக்குண்ணா இன்னொண்ணு? கட்டிலுக்கடியில யாரோ கால நீட்டிப் படுத்திருக்கிற மாதிரி இருக்கு" என்றாள் ஒருநாள்.

டிரைவிங் ஸ்கூல் முதலாளியம்மா மாதம் ஒருமுறை போன் செய்து, "உன் சீட்ல யாரையும் உட்கார வைக்கல" என்பார். இவள் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் தட்டுக் கழுவிக்கொண்டிருப்பாள்.

4

இனி நான் செய்த கோளாறு.

எனக்கு வாங்கிய ஷூ கடித்தது. திருப்பிக் கொடுக்கலாம் என்று கிளம்பியவன், அவசரத்தில் கட்டிலுக்கு அடியிலிருந்து வேறு பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். திரும்பி வரும் பெட்டியை நம் கண்ணெதிரே திறந்து பார்ப்பது கடை வழக்கம். ஸ்டிக்கர் அக்கா திறந்தார். பெண்கள் ஷூ. இடது ஏழு, வலது ஐந்து.

எனக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது. மோசடிக்காரன் என்று நினைத்துவிடுவாரோ?

அக்கா இரண்டையும் வெளியே எடுத்து அடியோடு அடி ஒட்ட வைத்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது யாருக்கு சார் வாங்கினது?"

"யாருக்கும் இல்லைங்க. மிச்சம்." பிறகு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். இத்தனை நாளில் வெளியாள் ஒருவரிடம் நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

"இதே அளவுல, கால் மட்டும் மாத்தி, ஒருத்தர் வாங்குறாங்க" என்றார் அக்கா மெதுவாக.

"யாருங்க அது?"

"வாங்குறவங்க விவரத்தச் சொல்லக் கூடாது சார். ஆனா கொடுக்கச் சொன்னா கொடுத்துடுவேன்."

மறுநாள் நான்கு பெட்டியையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதன் பிறகு ஏற்பாடு மாறியது. நான் ஐந்தில் ஒரு ஜோடி வாங்குவேன், அந்த இன்னொருவர் ஏழில் ஒரு ஜோடி. அக்கா மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிரித்து, கலந்து, கட்டி வைப்பார்.

5

அப்படி வந்த முதல் பெட்டியில், ஷூவுக்குள் ஒரு துண்டுச் சீட்டு.

"ரொம்ப நன்றிங்க. என்னோட 7 குதிகால்ல வெளிப்பக்கமாத் தேயுது. உங்களோடது எந்தப் பக்கம் தேயுது?"

தங்கை தன் ஷூவைத் திருப்பிப் பார்த்தாள். எந்தப் பக்கமும் தேயவில்லை. கடையில் இருந்ததுபோல் பளபளவென்று இருந்தது.

"என்னன்னு எழுதறதுண்ணா?"

"ஏதாவது ஒரு பக்கத்த எழுதிக் கொடு."

"பொய் எழுதச் சொல்றியா? பாவம், அவங்க நிஜமாத் தெரிஞ்சுக்கத்தானே கேட்டிருக்காங்க."

மறுநாள் நான் அலுவலகத்திலிருந்து வந்தபோது வீடு பூட்டியிருந்தது. மூன்று வருடத்தில் முதல் தடவை. என் சாவியைத் தேடிக்கொண்டிருந்தேன், தெருமுனையிலிருந்து அவள் வந்துகொண்டிருந்தாள். சுவரைப் பிடிக்கவில்லை. நான் பார்க்காத மாதிரி பூட்டோடு மல்லுக்கட்டினேன். எனக்குக் கண் தெரியவில்லை என்பதுதான் உண்மை.

தினமும் நடந்து, இருபத்திரண்டு நாள் கழித்துப் பதில் எழுதினாள்: "எனக்கு உள்பக்கம்."

சீட்டுகள் போய்வர ஆரம்பித்தன. 'கறுப்பு போதும்ங்க, இந்தத் தடவை நீலம் பார்ப்போம்' என்று ஒன்று. மாடிப்படி பற்றி ஒன்று. நான்காம் மாதம் வண்டிச் சாவி ஃபிரிட்ஜின் மேல் இல்லை.

6

இதை அப்படியே எழுதினால் நம்புவீர்களா? எனக்கே சந்தேகம். அந்த இன்னொருவரைப் பழைய ஓட்டப்பந்தய வீரராக்கிப் பார்த்தேன். நம்ப முடியாத அளவுக்கு நல்லவராக வந்தார். ஆணாக்கி, தங்கைக்குக் கல்யாணம்—

"கல்யாணம் பண்ணி வெச்சாத்தான் உனக்குக் கதை முடியுமா?" என்றாள் தங்கை. பிரதியை வாங்கிச் சாப்பாட்டு மேஜையில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் பகுதியில் விரலை வைத்தாள்.

"ஏழுக்குக் குறுக்க கோடுன்னு எழுதியிருக்கியே, அது நிஜமா, கதையா?"

"நிஜம்தான்."

உள்ளே போய் பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்தாள். சீட்டுகள் எல்லாம் அதில் இருந்தன. ஒவ்வொன்றாகப் பரப்பினாள். ஷூப் பெட்டியின் மஞ்சள் ஸ்டிக்கரையும் உரித்துப் பக்கத்தில் வைத்தாள்.

எல்லா ஏழுக்கும் குறுக்கே கோடு.

"அந்த அக்கா எழுந்து நின்னு நீ பார்த்திருக்கியா?"

சோம்பேறிப் பெண்மணி என்று எழுதிய கை இதுதான்.

[கோடு போட்டு ஏழு எழுதுகிறவர்கள் உலகத்தில் ஆயிரம் பேர். எழுத வராத யாருக்காகவோ அக்கா எழுதிக் கொடுத்திருக்கலாம். நியாயமாக இதையும் சொல்லிவிட வேண்டும்.]

அடுத்த தடவை கடைக்குப் போனபோது வேண்டுமென்றே பேனாவைக் கீழே போட்டேன். ஆமாம், போட்டேன். கவுண்டருக்கு அடியில் தரையோடு ஒரு கை அகலத்துக்கு இடைவெளி உண்டு. குனிந்தால் அக்காவின் கால் தெரியும், கதைக்கு முடிவும் கிடைக்கும். பாதி குனிந்தவன் நிமிர்ந்துவிட்டேன். அக்கா தன் காலைப் பற்றிச் சொல்ல நினைத்திருந்தால் சொல்லியிருப்பார். வரிசையில் பின்னால் நின்றவர் பேனாவை எடுத்து நீட்டினார். அவர் நன்றாக இருக்க வேண்டும்.

"இந்தாங்க சார், பத்திரமா எடுத்துட்டுப் போங்க" என்று அக்கா பெட்டியைக் கொடுத்தார்.

அப்போது சொன்னதுதான் அந்த "சரிங்க".

7

இதைக் காருக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மதியம். டிரைவிங் ஸ்கூல் கார். ஓட்டி வந்தது தங்கை. நான் கற்றுக்கொடுப்பவர் சீட்டில், மிதிகளில் கால் படாமல் ஒடுங்கி உட்கார்ந்து வந்தேன்.

கடைக்கு நேர் எதிரே ஒரே திருப்பில் நிறுத்தினாள். குனிந்து இரண்டு ஷூவின் கயிற்றையும் இறுக்கினாள். நீல ஷூ.

நானும் கதவைத் திறந்தேன்.

"நீ இங்கயே இரு. உள்ள நடக்கப்போறது உன் கதை இல்ல."

போய்விட்டாள். கண்ணாடிக்கு அப்பால் சோப்புத்தூள் டப்பாக்களின் அடுக்கு மட்டும்தான் எனக்குத் தெரிகிறது. அவள் போன் சீட்டிலேயே கிடக்கிறது. ஆறு இலக்க எண் இல்லாமல் என்ன பார்சலை வாங்குவாள்? இருபது நிமிடம் ஆகிவிட்டது.

ஆகவே கதையின் மிச்சம் கடைக்குள் இருக்கிறது. எனக்கு அனுமதி இல்லை, நீங்கள் போய்ப் பெற்றுக்கொள்ளலாம். துடைப்பங்களையும் வாளிகளையும் தாண்டிப் போங்கள். அங்கே கை தவறி எதையாவது போட்டுவிட்டால் குனியாதீர்கள், அது கிடக்கட்டும். பின்னால் எத்தனை பேர் நின்றாலும் சரி, "சரிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள்.