வளையலும் 'முடிஞ்சது' பெட்டியும்

மகாராணி வாயை மூடினால் மூடியதுதான். யானையைக் கட்டி இழுத்தாலும் திறக்காது. வயது எட்டு. பார்வை கிடையாது, ஆட்டிசமும் கூட, பேச்சும் வரவில்லை. ஆனாலும் அந்தச் சிறப்புப் பள்ளி மொத்தமும் அவள் சுண்டுவிரலுக்கு ஆடியது.

தொட்டால்தான் அவளுக்கு உலகம். கையில் ஸ்பூனை வைத்தால் சாப்பாடு, துண்டை வைத்தால் குளியல். சாவிக்கொத்து என்றால் ஆயா, முறுக்குக் கம்பி வளையல் என்றால் பழைய டீச்சர். எது முடிந்தாலும் அதற்குரிய பொருளை அவளே மேசையோரத் தகரப் பெட்டிக்குள் போடுவாள். அதற்குப் பெயரே 'முடிஞ்சது' பெட்டி.

பழைய டீச்சர் போன வாரம் காய்ச்சலில் இறந்துபோனார். குழந்தைக்குத் தெரிய வேண்டாம் என்று, அவர் வளையலை எல்லோருமாக அலமாரியில் ஒளித்துவைத்தார்கள். அன்றிலிருந்து மகாராணி சாப்பாட்டு நேரத்தில் பக்கத்து நாற்காலியைத் தடவிப் பார்ப்பாள். காத்திருப்பாள். சாப்பிட மாட்டாள்.

"அந்த நாற்காலி தானா கிரீச்சுங்குது டீச்சர், சத்தியமா! நான் அந்தப் பக்கம் பெருக்குறதே இல்ல" என்றாள் ஆயா.

"அதானே பார்த்தேன், ஒரு முழம் தூசி கெடக்கே!" என்று புது டீச்சர் சிரித்தாள். ஆனால் அவளும் அந்த நாற்காலியில் உட்காரவில்லை.

வாசலில் மகாராணியின் அம்மா, அழுது வீங்கிய கண்களோடு நின்றாள். "இன்னிக்கும் சாப்பிடலேன்னா நாளைக்கு மூக்குல குழாய் போடணுமாம் டீச்சர். மூஞ்சில தண்ணி பட்டாலே தாங்கமாட்டா எம் பொண்ணு."

புது டீச்சர் அலமாரியைத் திறந்து, அந்த வளையலைத் தன் கையில் மாட்டிக்கொண்டாள்.

மகாராணியின் விரல் வளையலில் பட்டது. சுவரில் சுண்ணாம்பு உதிரும்படி ஒரு சிரிப்பு! விரல்கள் மேலே ஏறி முழங்கையைத் தேடின. பழைய டீச்சருக்கு அங்கே ஒரு தழும்பு உண்டு. இங்கே இல்லை. குழாயைத் திருகி மூடியதுபோல் சிரிப்பு நின்றது. அவள் கை புது டீச்சரின் தோளைத் தாண்டி முதுகுக்குப் பின்னால் துழாவியது, உரியவர் அங்கேதான் ஒளிந்திருப்பதுபோல. புது டீச்சருக்குப் பிடரி சில்லிட்டது. திரும்பிப் பார்க்கத் துணிவில்லை.

"பொய் சொல்லிட்டேன் கண்ணு" என்று முணுமுணுத்தபடி வளையலைக் கழற்றிச் சின்னக் கையில் வைத்தாள். அந்தக் கைக்கு அடியில் தன் கையைக் கொடுத்து, மெல்லத் தகரப் பெட்டிக்குக் கொண்டுபோனாள்.

"ஐயோ, வேணாம் டீச்சர்! அழுவா!"

"அழட்டும் ஆயா. அழக்கூட விடலியே நாம."

மகாராணி வளையலை வெகுநேரம் பிடித்திருந்தாள். பிறகு விட்டாள். டணார்! அதற்குப் பின் வந்த அழுகையில் கூரை ஓடு பெயர்ந்திருக்க வேண்டும், எப்படித் தப்பியதோ.

அழுகை ஓய்ந்ததும் புது டீச்சர், இனி தனக்கு அடையாளமாக, தன் பின்னல் நுனியை அந்தக் கையில் வைத்தாள். அது முகரப்பட்டது, வெடுக்கென்று இழுக்கப்பட்டது. அடுத்து ஸ்பூன். வாய் திறந்தது.

"நாளைக்கு ஆஸ்பத்திரி வேணாம்ல?" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள்.

கிண்ணத்தில் கடைசி வாய் மிஞ்சியபோது மகாராணி ஸ்பூனைப் பிடுங்கி, காலி நாற்காலிப் பக்கம் நீட்டினாள்.

கிரீச்.

ஸ்பூன் திரும்பி வந்தபோது அதில் ஒன்றும் இல்லை. மகாராணி அதைப் பெட்டியில் போட்டாள்.

நாற்காலிக்கு அடியில் ஒரு பருக்கைகூடச் சிந்தவில்லை என்று ஆயா இன்றும் சத்தியம் செய்கிறாள். அந்தப் பக்கம் பெருக்காதவளுக்கு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்பதில்லை.