பிழைக்காத குட்டி

இசபெல்லா கிடந்த ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் அவள் அண்ணன் சின்னப்பன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கால்மாட்டில் அவர் மனைவி செலினா, ஜெபமாலையோடு. சுவரோரம் ஜெபம் நடத்த வந்த கோயில் வேதியர். அடுப்படி வாசலில், தரையில், இசபெல்லாவின் புருசன் டேவிட். அவள் பாடம் சொன்ன அங்கன்வாடிப் பிள்ளைகளுக்கு மட்டும் இடமில்லை. சின்னப்பன் உட்கார்ந்தபடியே அவர்களைக் கேட்டுக்கு வெளியே துரத்திக்கொண்டிருந்தார்.

“போங்கடா. சின்னப் புள்ளைங்க சாவ பாக்கக் கூடாது.”

டேவிட்டுக்குக் காது மடல் சுட்டது. சென்னைப் பத்திரிகைக்காரரும் இதையேதான் எழுதியிருந்தார்.

சிறுவர் கதை எழுதத் தபாலில் சொல்லித்தரும் சென்னைப் பத்திரிகை ஒன்றில் இசபெல்லா சேர்ந்திருந்தாள். எழுதியதைப் பிள்ளைகளுக்கு வாசிப்பாள். எந்த வரியில் ஒருத்தன் தண்ணி குடிக்க எழுந்து போகிறானோ, அந்த வரியை அடித்துவிடுவாள். கடைசியாக எழுதியது குரங்குக் கதை. கல்வராயன் மலையிலிருந்து கரும்புக்கு இறங்கிய குரங்கின் குட்டி, கரண்டு கம்பியில் அடிபட்டுச் சாகிறது. தாய் அதைத் தூக்கிக்கொண்டே அலைந்து, கடைசியில் ஒரு புளியமரத்தடியில் இறக்கி வைக்கிறது. ஒருத்தரும் எழுந்து போகவில்லை.

சென்னைக்கு அனுப்பிய கதை பச்சை மைப் பதிலோடு திரும்பி வந்தது: ‘குழந்தைகளுக்குச் சாவைக் காட்டக் கூடாது. குட்டியைப் பிழைக்க வையுங்கள்.’

பிழைக்க வைத்தாள். நேற்று அதை வாசித்தபோது மலர்விழி, “பொய்யி டீச்சர்” என்று எழுந்து போய்விட்டாள். ஆனாலும் இசபெல்லா, “படிச்சவுரு சொன்னா சரியா இருக்கும்ங்க” என்று டேவிட்டிடம் சொல்லிப் புதுசையே உறையில் வைத்தாள். ஒட்டுவதற்குள் நெஞ்சு வலி.

“அந்தக் காயிதத்தயெல்லாம் பெட்டியிலயே வெச்சிடலாம் மாப்ள” என்றார் சின்னப்பன். “புள்ள இல்லாதவ, ஊரான் புள்ளைக்கு கத எழுதிக்கினு இருந்தா. இன்னா பிரயோசனம்?”

டேவிட் எழுந்து போய்க் கேட்டை விரியத் திறந்தான்.

“உள்ள வாங்க எல்லாரும்.”

“மாப்ள, இன்னா பண்ற நீ?”

“வாய மூடிக்கினு இரு மச்சான். உன்னவுட இவங்களுக்குத்தான் அவ ஜாஸ்தி சொந்தம்.”

செலினாவின் விரலில் ஜெபமாலை மணி நின்றது.

முதலில் உள்ளே வந்த மலர்விழி பெட்டியின் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தாள்.

“டீச்சர் எழுந்திரிக்குமா மாமா?”

“எழுந்திரிக்காது.”

“கொரங்குக் குட்டி மாரியா?”

“ஆமா. அதே மாரிதான்.”

அவள் எழுந்து போகவில்லை. அங்கேயே சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

அடக்கம் முடிந்த மறுநாள், உறையிலிருந்த புதுசை உருவி நாலாய்க் கிழித்தான் டேவிட். பழைய கதையை உள்ளே வைத்தான். கூடவே ஒரு தாள்: ‘அய்யா, இதை எழுதிய என் மனைவி இறந்துவிட்டாள். குட்டியும் இறந்ததுதான். மாற்றாதீர்கள்.’

பக்கத்து வீட்டிலிருந்து வந்த சோற்றில் ஒரு பருக்கையை நசுக்கி ஒட்டினான். வடக்கனந்தல் தபாலாபீசுக்குப் போய்ப் பெட்டியில் போட்டான். உறை அடியில் விழுந்த சத்தம் கேட்டது. கை மட்டும் கொஞ்ச நேரம் உள்ளேயே இருந்தது.