கல்லுன்னு சொன்னது நான்தான்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஸ்கேன் ரூம்ல பதினோரு வருஷமா வேலை பாக்கறேன், எவனுக்கும் பயந்ததில்ல. அன்னைக்கு மட்டும் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காரவும் முடியல, எழுந்து நிக்கவும் முடியல.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மெஷின்ல படுத்திருந்தது என் தம்பி. வீட்ல அவனுக்கு ஒட்டடைக்குச்சின்னு பேரு. நாலு வருஷத்துக்கு முன்னாடி தொடை எலும்புல கேன்சர். எலும்பை வெட்டி எடுத்துட்டு கம்பி வச்சாங்க. அதுலேருந்து ஆறு மாசத்துக்கு ஒருவாட்டி நெஞ்சு ஸ்கேன். இந்தக் கேன்சர் பரவினா பெரும்பாலும் நுரையீரலுக்குத்தான் போகும், அதனால அங்கேயே கண்ணா இருந்தோம். ஒவ்வொரு தடவையும் சுத்தமா இருக்கும். நான் வெளிய வந்து கட்டைவிரலைக் காட்டுவேன், என் செலவுல டீ குடிச்சுட்டுப் போவான் படவா.

போன தடவை படத்தோட கடைசி ஓரத்துல, இடது கிட்னி மேல ஒரு வெள்ளைப் புள்ளி. ரிப்போர்ட் எழுதற டாக்டர் இது என்னன்னு கேட்டாரு. நான் முந்திரிக்கொட்டை மாதிரி, "கல்லு சார். எங்கப்பாவுக்கு இருக்கு, எனக்கு இருக்கு. பரம்பரைச் சொத்து"ன்னேன். அவரும் சிரிச்சுட்டு விட்டுட்டாரு. தண்ணி நிறையக் குடிடான்னு தம்பியை அனுப்பி வச்சேன். ஜென்மத்துல என் பேச்சைக் கேக்காதவன், அன்னையிலேருந்து பாட்டிலும் கையுமாத் திரிஞ்சான்.

இப்போ இடுப்புக்கு மேல வலின்னு வந்திருக்கான். வயிறு வரைக்கும் எடுத்தேன். அந்தப் புள்ளி எலுமிச்சம்பழம் அளவுக்கு ஆகியிருந்துச்சு. சுத்தி சதை, நடுவுல எலும்பு மாதிரியே வெள்ளை. கல்லு இப்படி வளராது.

டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் முன்னாடியும் பின்னாடியும் உருட்டி உருட்டிப் பாத்தாரு. இந்தக் கேன்சர் போற இடத்துலயும் எலும்பை உண்டாக்கும், கிட்னிக்குப் போறது ரொம்ப அபூர்வம், அதான் கல்லாத் தெரிஞ்சிருக்குன்னாரு. வேற எங்கயும் காணோம், கிட்னியை எடுத்துட்டு மருந்து குடுத்துப் பாக்கலாம், ஆனா ஆறு மாசம் போயிடுச்சேன்னாரு. உன்னைக் கேட்டுட்டு அப்படியே விட்டது தன் தப்பும்தான்னு சொன்னாரு. என்னைத் திட்டல. திட்டியிருந்தா தேவலை.

நானே அவன்கிட்ட சொல்றேன்னேன். போன தடவை கதையை முழுங்கிடலாமான்னு அந்த நாலு எட்டு நடக்கறதுக்குள்ள நாப்பது தடவை யோசிச்சேன், வெக்கமில்லாம சொல்றேன்.

வராந்தாவுல கால் மாத்திக் கால் மாத்தி நின்னுட்டிருந்தான். கல்லு கரைஞ்சுதாக்கான்னு கேட்டான், ஒரு நாளைக்கு நாலு பாட்டில் குடிக்கறானாம்.

"அது கல்லு இல்லடா. அதே கேன்சர், கிட்னிக்கு வந்திருக்கு. போன தடவையே படத்துல இருந்துச்சு. டாக்டர் கேட்டாரு, கல்லுன்னு அடிச்சுச் சொன்னது நான்தான்."

பாட்டில் மூடியைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான். இன்னும் எடுத்துட முடியுமான்னு மெதுவாக் கேட்டான். முடியும்னு சொல்றாங்கடான்னேன். டீ வாங்கித் தரேன் வான்னேன். வேண்டாம்னுட்டான். தாங்கித் தாங்கி நடந்து போய், மிச்சத் தண்ணியை வாஷ்பேசின்ல ஊத்தினான்.

"ஆபரேஷன் என்னைக்குன்னு கேட்டுட்டு வா. நீயும் கூட வரணும்"ன்னவன், என்னைப் பாக்காமலே சொன்னான். "ஆனா அடுத்த ஸ்கேனை வேற யாராவது எடுக்கட்டும்க்கா."

சரிடான்னேன்.